இடறி வீழ்த்துவதற்கு என்ன விலை?

இருபது முகப் பகடையை உருட்டி, அரக்கரோடு கற்பனையிலே பொருதும் ஆட்டம் ஒன்று உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் படைத்த இது 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவும் வில்லாளியாகவும் மந்திரவாதியாகவும் அதில் உலவுவர். தலைநகரில் இயற்பியல் பயிலும் நாங்கள் ஐவர் சனிக்கிழமை இரவுகளில் விடுதி மேசையைச் சுற்றி அமர்ந்து இதனை ஆடுகிறோம். (மேசையில் ஒலிப்பது பாதி தமிழ், பாதி இந்தி, வசவு மட்டும் அவரவர் தாய்மொழியில்.)

இவ்வாட்டத்தில் நெடுநாளைய சிக்கல் ஒன்று உண்டு. "வாளால் வெட்டுகிறேன்" என்று எத்தனை முறைதான் சொல்வது? காலை இடற வேண்டும், வாளைத் தட்டிவிட வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை எழுகிறது. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் மல்லுக்கு நிற்க முனைந்தவன், தனிப் பயிற்சி இல்லாதவனாயின், எதிரியிடம் முதலில் ஓர் அடி வாங்க நேரும். அதன் வழிவந்த பாத்ஃபைண்டர் 2009-இல் இவ்வித்தைகளையெல்லாம் முயல்வதற்கு ஓர் எண், தடுப்பதற்கு ஓர் எண் என்று சுருக்கியது. 2014-இன் ஐந்தாம் பதிப்போ, ஓர் அடியை விட்டுக்கொடு, எதிரியோடு வலிமைப் போட்டியாகப் பகடை உருட்டு, வென்றால் அவனைக் கீழே தள்ளு என்றது. நாங்கள் ஆடுவது இந்தப் பதிப்பே.

தள்ளுவதால் ஆதாயம் உண்டா? கணக்கிட்டுப் பார்ப்போம். எங்கள் வீரனுக்குத் தாக்கும்போது 5 கூடுதல். எதிரியின் காப்பு எண் 15. ஆகவே பகடையில் 10-உம் அதற்கு மேலும் விழுந்தால் அடி படும். வாய்ப்பு 55 விழுக்காடு. பட்டால் சராசரி 7.5 சேதம். (20 விழுந்தால் வரும் இரட்டைச் சேதத்தை இங்கே ஒதுக்கிவிடுகிறேன்.) ஆக, ஓர் அடியின் மதிப்பு ஏறத்தாழ 4.1. விழுந்து கிடப்பவனை அருகிலிருந்து தாக்குவோர் இரு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம்; 55 என்பது 80 ஆகிறது. அதனால் ஒவ்வொரு தோழனுக்கும் கிடைப்பது சுமார் 1.9. ஆனால் தள்ளும் முயற்சியே எப்போதும் பலிப்பதில்லை. வலிமையில் 5 உடையவன் 2 உடையவனை வெல்லும் வாய்ப்பு 62 விழுக்காடுதான். அப்படியானால் தோழன் ஒருவனுக்கு 1.15. தோழர் மூவர் அடித்தாலும் 3.4, இழந்ததோ 4.1! எங்களுள் ஒருவன் வில்லாளி வேறு. கீழே கிடப்பவனைத் தொலைவிலிருந்து எய்வது இன்னும் கடினம் என்பது விதி. இந்த நிலையில் யார்தான் இடறுவார்?

இதனாலேதான் ஆடுவோர் தாமே 'வீட்டு விதி' வகுக்கின்றனர். எங்கள் மேசையில் முதலில் வந்த விதி தாராளமானது: அடி பட்டால் சேதமும் உண்டு, எதிரி விழவும் செய்வான். இலவசம் என்றால் யார் விடுவார்? இரண்டாம் சனிக்கிழமை முழுவதும் விழுவோரும் எழுவோருமாகவே கழிந்தது. அதைவிடக் கொடுமை ஒன்று நிகழ்ந்தது. எங்கள் நண்பன் ஒருவன் 'பேட்டில் மாஸ்டர்' என்னும் வகை வீரனாக ஆடுகிறான். மூன்றாம் நிலையில் அவனுக்குக் கிடைப்பவை நான்கு எண்முகப் பகடைகள். ஒன்றைச் செலவிட்டால்தான் அவன் எதிரியை இடற முயலலாம். தீர்ந்தால் ஓய்வெடுத்தே மீட்க வேண்டும். அவன் அருமையாகச் சேர்த்து வைத்துச் செலவிட்டதைப் பிறர் வாரி இறைத்தனர். நான்காம் வாரம் "தேர்வு இருக்கிறது" என்று அவன் வரவில்லை. தேர்வு எங்கள் எல்லோருக்கும் இருந்தது!

பிறகு வேறு விதி செய்தோம். இடற விரும்புவோன் உருட்டுமுன் சொல்ல வேண்டும். பகடையில் 5 குறையும். அடி பட்டால் சேதமும் வீழ்ச்சியும். வாய்ப்பு 55-இலிருந்து 30-க்கு இறங்குகிறது. இழப்பு சுமார் 1.9. தோழன் ஒருவனுக்கு ஆதாயம் 0.56, இருவர் அடித்தால் 1.1. வாடிக்கையாகச் செய்தால் நட்டம். ஆனால் ஓடும் திருடனை நிறுத்தவோ, படிக்கட்டின் உச்சியில் நிற்பவனைச் சாய்க்கவோ அந்த விலையை எவனும் கொடுப்பான். வித்தைக்கு ஏற்ற விலை இதுவே என்பது என் துணிபு: அன்றாடத்திற்குச் சற்று மிகை, தக்க வேளையில் மலிவு. பேட்டில் மாஸ்டருக்கோ 5 குறைவதில்லை; அவனுடைய பகடைக்கு மதிப்பு திரும்பியது. அவனும் திரும்பினான்.

ஆயுதத்தைப் பறிப்பது வேறு கதை. பத்துப் பூதங்களுள் ஒன்றின் ஈட்டியைத் தட்டினால் எதிரியின் பலத்தில் பத்தில் ஒரு பங்கே குறையும். தன்னந்தனியாக வாளேந்தி வரும் அரக்கனின் வாளைத் தட்டினாலோ சண்டையே பாதி முடிந்துவிடும். ஒரே விதி, இரு விலை! மேலும் நாம் செய்வதை எதிரியும் செய்யலாம் அன்றோ? ஆறு மாதம் அலைந்து பெற்ற மந்திர வாளை ஒரு சில்லறைப் பூதம் கிணற்றில் தட்டிவிட்டால் யார் பொறுப்பார்? ஆகையால் பறிபட்ட ஆயுதம் காலடியிலேயே விழும், அடுத்த முறையில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தோம்.

இக்கணக்கெல்லாம் நான்காம் நிலை வரைக்கே செல்லும். ஐந்தாம் நிலையில் வீரனுக்கு ஒரே முறையில் இரண்டு அடி, பதினொன்றில் மூன்று. முதல் அடியில் இடறிவிட்டு அடுத்ததை அவனே எளிதாக அடிக்கலாம், ஆதாயம் கூடும். எங்கள் வீரன் அடுத்த மாதம் ஐந்தாம் நிலையை எட்டுகிறான். குறைப்பை 5-லிருந்து 7 ஆக்கலாம் என்கிறேன் நான். வில்லாளி 10 கேட்கிறான்.