சைக்ளோஸ்டைலில் ஒரு விண்வெளி



நம்மூர் வீட்டு மாடிகளில் வானம் பார்த்து நிற்கிற டிஷ் ஆன்டெனாவுக்கும், ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகைக்கும் தூரத்து உறவு உண்டு.

1936 மார்ச். இங்கிலாந்தின் நனீட்டன் ஊரில் மாரிஸ் ஹான்சன் என்ற அறிவியல் புனைகதை ரசிகர் ‘நோவே டெரே’ என்ற சைக்ளோஸ்டைல் இதழைத் தொடங்கினார். லாபமில்லை, சம்பளமில்லை. எழுதியவர்களும் ரசிகர்கள், படித்தவர்களும் ரசிகர்கள். நம்மூர்க் கையெழுத்துப் பத்திரிகை மாதிரிதான். பிறகு ஹான்சன் லண்டனுக்குக் குடிபோனார். அங்கே அவருடைய அறைத்தோழர்கள் வில்லியம் டெம்பிளும் ஆர்தர் சி. கிளார்க்கும். இருவரும் இதழ் வேலையில் இறங்கிவிட்டார்கள்.

கிளார்க்கின் முதல் கதை வெளியானதும் ரசிகர் இதழொன்றில்தான்: ‘அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரீஸ்’, 1937 டிசம்பர். கம்பி வழியே ஆளையே அனுப்புகிற வேடிக்கைக் கதை!

அதே கிளார்க் 1945இல், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதினார். நம் மாடி டிஷ் ஆன்டெனா பார்த்து நிற்பதும் அந்த உயரத்துச் செயற்கைக்கோளைத்தான். 1956இல் இலங்கையில் குடியேறியவர், 2008இல் கொழும்பில் காலமானார்.

நோவே டெரே என்ன ஆனது? 1939இல் ஜான் கார்னெல் கைக்கு மாறி, ‘நியூ வேர்ல்ட்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1946இல் அது கடையில் விற்கிற தொழில்முறைப் பத்திரிகையாக மாறியது.