ஆங்கிலம் கைவர எத்தனை ஆண்டுகள்?

அகதிகளாய் வந்து கனடாவில் வாழ்வைத் தொடங்கிய எம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: ஆங்கிலம் கைவர எவ்வளவு காலம் செல்லும்? ஆறு மாதம் போதும் என்பார் ஒருவர். இந்த வயதில் இனி வராது என்பார் மற்றொருவர். இரண்டுமே பிழையான கூற்றுகள். எந்த ஆங்கிலம் என்பதைத் தெளிவுபடுத்திய பின்னரே இவ்வினாவுக்கு விடை காண முடியும்.

ரொறன்ரோவிலுள்ள ஒன்ராறியோ கல்வி ஆய்வு நிறுவனத்தின் அறிஞர் ஜிம் கமின்ஸ், அந்நகரில் குடியேறிய மாணவர்களைப் பற்றி 1981ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அன்றாட உரையாடலுக்கான ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது; பாடநூலுக்கும் பரீட்சைக்கும் வேண்டிய ஆங்கிலத்தில் சக மாணவரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்கின்றன என்பதே அவர் கண்ட முடிவு.

பெற்றோர் ஏமாறும் இடம் இதுவே. விளையாட்டுத் திடலில் பிள்ளை சரளமாகப் பேசுவதைக் கேட்டு, இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடுகின்றனர். அதே பிள்ளை விஞ்ஞான பாடத்தில் ஒரு காரணத்தை விளக்கி எழுத முடியாது தவிக்கலாம். இதனை மந்தபுத்தி என்றோ சோம்பல் என்றோ கண்டிப்பது அநீதியாகும். பாடசாலையில் வழங்கப்படும் மேலதிக ஆங்கில உதவியை அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம். சட்டக் கடிதங்களையும் வைத்தியரின் விளக்கங்களையும் மொழிபெயர்க்கும் பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதும் தகாது. அகதிக் கோரிக்கை விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை விசாரணைச் சபையே இலவசமாக ஒழுங்கு செய்து தருகிறது.

வந்துசேரும் வயதும் கவனத்திற்குரியது. அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியா கோலியர் 1987இல் வெளியிட்ட ஆய்வின்படி, எட்டு முதல் பதினொரு வயதுக்குள் வந்தவர்களே விரைவாக முன்னேறினர். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டு மாணவரின் சராசரியை எட்டினர். ஐந்து முதல் ஏழு வயதில் வந்த சிறுவர்கள் அவர்களிலும் பின்தங்கினர். தாய்மொழியில் எழுத வாசிக்கக் கற்று வந்த பிள்ளை, அந்த அறிவைப் புதிய மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆகவே, ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்துவது பயன் தராது. அதிக இடருக்கு உள்ளானோர் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் வந்தவர்கள். அவர்களுக்கு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை தேவைப்படலாம் என அவர் மதிப்பிட்டார்.

வளர்ந்தோரைப் பொறுத்தவரை ஆண்டுகளை விட மணித்தியாலங்களைக் கணக்கிடுவதே பொருத்தம். அன்றாட அலுவல்களைத் தாமே சமாளிக்கும் இடைநிலையை அடைய, ஆரம்பத்திலிருந்து 350 முதல் 400 மணி நேர வகுப்புக் கல்வி வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் பரீட்சைப் பிரிவின் மதிப்பீடு. கிழமைக்கு ஐந்து மணி நேரம் மட்டும் கற்பவருக்கு இது ஏறத்தாழ எண்பது கிழமைகள். இருபது மணி நேரம் கற்பவருக்கு இருபது கிழமைகள். ஊரில் ஆங்கிலப் பாடம் படித்தவர்களுக்கு வாசிப்பு ஓரளவு கைகொடுக்கும்; செவிக்கும் நாவுக்குமே பயிற்சி தேவை.

இரவுபகலாய் உழைப்பவர்களுக்கு இம்மணித்தியாலங்களை ஒதுக்குவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் காலம் தாழ்த்துவதால் ஒரு வாய்ப்பே கைநழுவக்கூடும். 1992இல் ஆரம்பிக்கப்பட்ட 'லிங்க்' எனும் அரச இலவச வகுப்புகளில் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும், அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் சேரலாம். குடியுரிமை பெற்றபின் அவ்வாய்ப்பு இல்லை. குடியுரிமைக்கு 18 முதல் 54 வயது வரையானோரிடம் கோரப்படுவது, பன்னிரண்டு படிகள் கொண்ட கனடிய மொழி அளவீட்டில், கேட்டலிலும் பேசுதலிலும் நான்காம் படி மட்டுமே. அதனை எட்டியதும் வகுப்பைக் கைவிடுவோர், நல்ல தொழிலுக்கு வேண்டிய படிகளை ஏறாமலே நின்றுவிடுகின்றனர்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஏழு ஆண்டுப் பொறுமையும், பெரியோருக்கு நானூறு மணி நேர முயற்சியும் வேண்டும். வகுப்புகளில் இன்னும் சேராதவர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே தமது பெயரைப் பதிவு செய்துகொள்வது நன்று.