தோற்பதே தொழிலாகக் கொண்ட வக்கீல்!

பெர்ரி மேஸனை உங்களுக்குத் தெரியாமல் இராது. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து நீங்களே படித்திருப்பீர்கள்; இல்லாவிட்டால், அடுப்பில் குழம்பு கொதிப்பதையும் மறந்து உங்கள் அம்மா படித்ததைப் பார்த்திருப்பீர்கள். வாடகை நூல் நிலையத்துப் புத்தகம் என்றால் கடைசி இரண்டு பக்கங்கள் நிச்சயமாக இராது. கொலை செய்தவன் யார் என்று தெரியாமல் தவித்த தவிப்பு இருக்கிறதே, அது படித்தவர்களுக்கே வெளிச்சம்!

எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் என்ற கலிபோர்னியா வக்கீல் 1933-ல் படைத்த கதாபாத்திரம் அது. நமக்கு அவர் புத்தகத்தில் வந்த வக்கீல். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய அமெரிக்கப் பாட்டிகளுக்கோ, பெர்ரி மேஸன் என்றால் சனிக்கிழமை இரவு, கூடத்தில் கறுப்பு வெள்ளை டெலிவிஷன், சுற்றிலும் குடும்பம்.

1957 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆரம்பித்து 1966 மே மாதம் வரை, மொத்தம் 271 கதைகள். மேஸனாக ரேமண்ட் பர். அவருடைய காரியதரிசி டெல்லா ஸ்ட்ரீட்டாக பார்பரா ஹேல். தயாரிப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் ஒரு பெண்மணிதான். சட்டம் படிக்கப் போய், நடிகையாகி, பிறகு தயாரிப்பாளரான கெய்ல் பாட்ரிக்.

கதை எப்படிப் போகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு கொலை நடக்கும். நிரபராதி ஒருவர் அகப்பட்டுக்கொள்வார். கோர்ட்டில் மேஸன் குறுக்கு விசாரணை செய்யச் செய்ய, சாட்சிக்கு வியர்க்கும். “ஆமாம், நான்தான் கொன்றேன்!” என்று யாரோ ஒருவர் கதறப் போகும் அந்த நேரம் பார்த்து...

தலைவலி மாத்திரை விளம்பரம் வந்துவிடும்!

அன்றைக்கு அதைத் திட்டித் தீர்த்தவர்கள்தாம் இன்றைக்கு அந்தப் பழைய விளம்பரங்களையும் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். “கதையைவிட அந்த ஸோப்பு விளம்பரத்தைப் பார்த்தால்தான் அம்மா ஞாபகம் வருகிறது” என்கிற ரகம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ரேடியோவில் கேட்ட பழைய பற்பொடி விளம்பரம் நம் காதில் இன்னும் ஒலிக்கவில்லையா?

ஐஸ் பெட்டி அம்மாள்

அந்த நாட்களில் விளம்பரக் கம்பெனி வெறும் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர் மாதிரி. நிகழ்ச்சியின் செலவையே அது ஏற்றுக்கொள்ளும். ‘ஸ்டுடியோ ஒன்’ என்ற நாடக வரிசைக்கு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி படியளந்தது. பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் அடைபட்டு, ஒரு பையனின் உயிருக்காக வாதாடும் ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ 1954-ல் முதன்முதல் அரங்கேறியது இதில்தான். சினிமா ஆனது மூன்று வருஷம் கழித்து.

நாடகத்துக்கு நடுவே பெட்டி ஃபர்னெஸ் என்ற நடிகை வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டுவார். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. தப்பு நடந்தால் நடந்ததுதான். 1954-ல் ஒரு நாள், பெட்டியின் கதவு திறக்கவே மறுத்துவிட்டது! இழுக்கிறார், இழுக்கிறார், வரவில்லை. காமிரா மெல்ல அவர் முகத்துக்கு நகர்ந்து மானத்தைக் காப்பாற்றப் பார்த்தது. உண்மையில் அன்று மாட்டிக்கொண்டவர் ஃபர்னெஸுக்குப் பதிலாக வந்த ஜூன் கிரஹாம் என்ற பெண். ஆனாலும் பழி என்னவோ ஃபர்னெஸின் தலையில்தான் விழுந்தது.

இதே ஃபர்னெஸை 1967-ல் ஜனாதிபதி ஜான்ஸன் அழைத்து, சாமான் வாங்கும் பொதுமக்களின் நலனைக் கவனிக்கும் ஆலோசகராக நியமித்தார். விற்பவர் பக்கம் நின்றவர், வாங்குபவர் பக்கம் வந்து சேர்ந்தார்.

காணாமல் போன வார்த்தை

வீட்டுக்காரர் என்று சொன்னேன் அல்லவா? வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்?

1959 ஏப்ரலில் ‘ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பெர்க்’ என்ற கோர்ட்டு நாடகம் ஒளிபரப்பாயிற்று. ஹிட்லர் ஆட்சியில் நியாயத்தை விற்ற நீதிபதிகளையே கூண்டில் ஏற்றிய கதை. லட்சக் கணக்கான யூதர்களை விஷ வாயு செலுத்திக் கொன்றதைப் பற்றிய பேச்சு அதில் வருகிறது. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சமையல் வாயுக் கம்பெனிகளின் சங்கம்! ‘காஸ்’ என்ற சொல் வரும் இடத்தில் ஒலியை அடைத்துவிட்டார்கள். நடிகரின் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. அத்தனை பெரிய பாதகத்தைப் பேசும்போதும் அடுப்பு வியாபாரம் கெட்டுவிடக் கூடாதாம்!

1962-ல் ‘தி டிஃபெண்டர்ஸ்’ என்ற தொடரில் கருக்கலைப்பு வழக்கைப் பற்றி ஒரு கதை. அப்பாவும் பிள்ளையுமாக இரண்டு வக்கீல்கள் வாதாடும் தொடர் அது. வழக்கமாகப் பணம் கொடுக்கும் மூன்று கம்பெனிகளும் அந்த வாரம் ஒதுங்கிக்கொண்டன. ஒன்று ஸோப்புக் கம்பெனி. ஒன்று காகிதக் கைக்குட்டைக் கம்பெனி. மற்றொன்று, கேளுங்கள், சிகரெட் கம்பெனி! கடைசி நிமிஷத்தில் ஒரு கடிகாரப் பட்டைக் கம்பெனி முன்வந்து மானத்தைக் காப்பாற்றியது.

சிகரெட்டுக்கு அன்று அவ்வளவு அதிகாரம். 1960-ல் தொடங்கிய ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற கேலிச்சித்திரத் தொடரில், கற்கால மனிதர்கள்கூட வின்ஸ்டன் சிகரெட்டை ஊதிக் காட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! வீட்டில் குழந்தைகளும் சேர்ந்து பார்த்த தொடர் அது.

பர்கர் தொடுத்த கடைசி வழக்கு

இப்போது தலைப்புக்கு உரியவரிடம் வருவோம்.

மேஸன் வாராவாரம் ஜெயிக்க வேண்டுமானால், யாராவது வாராவாரம் தோற்க வேண்டும் அல்லவா? அந்தப் பாக்கியசாலி அரசாங்க வக்கீல் ஹாமில்டன் பர்கர். பெயரைச் சேர்த்துச் சொன்னால் பலகாரம் ஆகிவிடும்! அந்த வேஷத்தில் நடித்தவர் வில்லியம் டால்மன். விறைப்பான முகம், பொருமல், ஆட்சேபணை. கடைசியில் அசடு வழிதல். மேஸனும் அபூர்வமாகச் சறுக்கியது உண்டு. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது, பர்கர் தோற்பார் என்பது ஒன்றுதான்.

டால்மன் ஓயாமல் புகைப்பவர். தொடர் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது.

இதற்குள் வெளியே வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. புகைப்பது புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று 1964 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவரே அறிக்கை வெளியிட்டார். ஆனால் விளம்பரங்கள் நிற்கவில்லை. 1966 டிசம்பரில் ஜான் பான்ஸாஃப் என்ற 26 வயது வக்கீல் நியூயார்க் டெலிவிஷன் நிலையம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்: சிகரெட் கம்பெனியின் கட்சியை மட்டும் சொல்கிறீர்களே, எதிர்க்கட்சியைச் சொல்ல எங்களுக்கும் நேரம் கொடுங்கள் என்று. நிலையம் மறுத்தது. மேலே முறையிட்டார். 1967-ல், புகைக்கு எதிரான செய்திகளுக்கும் கணிசமான நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஒலிபரப்புக் கமிஷன் தீர்ப்பளித்தது. மேஸன் கதையில்கூட இப்படி ஒரு திருப்பம் வந்ததில்லை!

அப்படித் திறந்த வாசல் வழியாக 1968-ல் டால்மன் நுழைந்தார், புற்றுநோய்ச் சங்கத்துக்காக. நாடகக் கோர்ட்டு இல்லை. தம் சொந்த வீடு. மனைவியையும் குழந்தைகளையும் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். மேஸனிடம் தோற்றதைப் பற்றித் தமக்கு வருத்தமே இல்லை. ஆனால் இப்போது நடக்கும் போராட்டத்தில் தோற்க விருப்பமில்லை, தோற்றால் இவர்களை இழந்துவிடுவேன் என்கிறார். தமக்குப் புற்றுநோய் என்பதை மறைக்காமல் சொல்கிறார். புகைக்காதவர்கள் தொடங்க வேண்டாம். புகைக்கிறவர்கள் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான். ஒரு நிமிஷ சமாசாரம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி டால்மன் காலமானார். வயது 53.

கடைசி வழக்கிலும் பர்கர் தோற்றுவிட்டாரே என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். டால்மனைப் போன்றவர்கள் வீடு வீடாக வந்து பேசப் பேச, சிகரெட் விற்பனை சரியத் தொடங்கியது. 1970-ல் டெலிவிஷனிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரத்தையே தடை செய்யச் சட்டம் வந்தது. 1971 ஜனவரி 1-ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில் கடைசி விளம்பரம் ஓடியது. அதுவும் எதற்கு? பெண்களையும் புகைக்க வைக்க வேண்டும் என்றே தயாரித்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட்டுக்கு! மறுநாளிலிருந்து அமெரிக்க டெலிவிஷனில் சிகரெட் விளம்பரம் கிடையாது.

டால்மன் தம் உயிருக்காகத் தொடுத்த வழக்கு தோற்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகத் தொடுத்த வழக்கு ஜெயித்தது. ஒரு வக்கீல் கட்சிக்காரருக்காக வாதாடுவதுதானே வழக்கம்?

நம் ஊர்க் கொட்டகையில் படம் ஆரம்பிக்குமுன் புகையிலை எச்சரிக்கை வரும்போது, “எப்போது முடியும் இது?” என்று நீங்களும் நானும் முணுமுணுப்போம். அடுத்த தடவை முணுமுணுக்குமுன், ஒவ்வொரு வாரமும் மேஸனிடம் தோற்றுப்போன அந்த அரசாங்க வக்கீலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பெட்டி வைத்திருப்பவரானால், இந்தப் பக்கத்தை மடித்து அவர் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுங்கள்!