முதற்பணியும் உறையுளும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் முன்னைய இரண்டும் எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்கன. இன்று உண்டது ஒவ்வாதாயின் நாளை வேறொன்று உண்ணலாம். உறையுளோ அத்தகையதன்று, ஒருமுறை தேர்ந்துகொண்டால் பல திங்கள் அதனோடு பிணிப்புண்டு கிடத்தல் வேண்டும். அவ்வாறிருந்தும், பட்டம் பெற்று முதன்முதலாகப் பணியேற்கத் தனியே புறப்படும் இளைஞர், ஊதியம் எவ்வளவு என்று ஆராய்வதிற் பாதியளவேனும் எங்கே தங்குவது என்பதை ஆராய்வதில்லை. ஆண்டுதோறும் நம் கல்லூரியினின்று பலர் இங்ஙனம் வெளியேறுகின்றனர். வேற்றூரினின்று நம் நெல்லைக்குப் பணியேற்று வருவோரும் பலர். ஆதலின், நாம் நன்கறிந்த நெல்லையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஊரின் அமைப்பை அறிதல் வேண்டும். நெல்லை ஓர் ஊரன்று; ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த இரண்டு ஊர்களின் கூட்டம். மேல்கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளோடு கூடிய டவுனும், புகைவண்டிச் சந்திப்பும் உள்ளன. கீழ்கரையில் கல்விச்சாலைகள் நிறைந்த பாளையங்கோட்டை உளது. இடையே பொருநை ஓடுகின்றது. 1843-ஆம் ஆண்டில், கலெக்டர் கச்சேரியில் உயர்பணி புரிந்த சுலோசன முதலியார் தம் கைப்பொருளை ஈந்து கட்டுவித்த பாலம் அமையுமுன், அக்கரையில் வீடும் இக்கரையில் அலுவலும் உடையோர் ஓடத்தை நம்பியே வாழ்ந்தனர். ஆறு பெருகிய நாளில் அவர் நிலை யாதாயிருக்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம். வீட்டிற்கும் அலுவலுக்கும் இடைப்பட்ட வழி எத்துணைச் சிறப்புடையது என்பதை அப்பாலம் இன்றும் நமக்கு உணர்த்தி நிற்கின்றது.

ஆகவே முதலாவது நோக்கத்தக்கது வழி. நெல்லையிற் பணி என்றவுடன் நெல்லையில் யாண்டேனும் தங்கலாம் என எண்ணுதல் பிழை. அரசு மருத்துவக் கல்லூரியிற் பணியேற்போர்க்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டும் அதனையடுத்த பகுதிகளும் ஏற்றன. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்குச் செல்வோர் பெருமாள்புரத்தில் அறையெடுப்பின், நாடோறும் ஆற்றைக் கடந்து நகர் முழுவதையும் ஊடறுத்துச் செல்ல நேரும். அவர்க்கு டவுனும் பேட்டையுமே அணித்து. கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளிற் பணிபுரிவோர் மதுரைச் சாலையை நோக்கிய தச்சநல்லூர்ப் பக்கத்தைத் தேர்தல் நன்று. கூடங்குளம் அணுமின் நிலையமோ மகேந்திரகிரி விண்வெளி ஆய்வு மையமோ பணியிடமாயின், நெல்லை நகரை மறந்து வள்ளியூர், காவல்கிணறு முதலிய ஊர்களை நாடுதலே அறிவுடைமை. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகியவற்றிற்குத் தென்காசி செல்லும் புகைவண்டி உண்டாதலின், சந்திப்பிற்கு அணித்தாக அலுவலுடையோர் அவ்வாற்றங்கரை ஊர்களையும் எண்ணிப் பார்க்கலாம்.

சேய்மையில் வாடகை குறைவு என்று மகிழ்வோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். தொலைவிலுள்ள அறையால் திங்கட்கு 1,000 ரூபாய் மிஞ்சுகின்றது என்று கொள்வோம். போய்வரப் பேருந்துக் கட்டணம் நாளொன்றுக்கு 40 ரூபாயாயின், 25 நாட்களில் அந்த 1,000 ரூபாயும் தீர்ந்துவிடும். அன்றியும் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வழியிற் கழியின், திங்கட்கு 50 மணி நேரம் இழப்பாகும். மேற்படிப்பையோ போட்டித் தேர்வையோ கருதியிருப்பார்க்கு இவ்விழப்பு பொருளிழப்பினும் பெரிது. அறையைப் பேசி முடிக்குமுன், அலுவல் நாளொன்றிற் காலை வேளையில் அவ்வழியே ஒருமுறை சென்று பார்த்தல் நலம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலிற் கால்மணி நேரத்திற் கடக்கும் வழி, திங்கட்கிழமை காலையில் அவ்வாறு அமைவதில்லை.

இரண்டாவது நோக்கத்தக்கது நீர். மருத நிலத்து மக்களாகிய நமக்கு நீர் வாழ்வும் தரும், கேடும் தரும். 1992-ஆம் ஆண்டு நவம்பரில் பொருநை பெருக்கெடுத்தது. அதனை முதியோர் கதையாகவே நம்மனோர் கேட்டு வந்தோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழை அக்கதையை நம் கண்முன் நிறுத்தியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சந்திப்புப் பேருந்து நிலையமும், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை முதலிய ஆற்றையொட்டிய பகுதிகளும் நீரிற் சூழப்பட்டன. தனித்து வாழ்வோன் தரைத்தளத்து அறையில் தன் சான்றிதழ்களையும் கணினியையும் வைத்திருப்பானாயின், அத்தகைய ஓரிரவில் அவன் இழப்பது யாது? பல்லாண்டுக் கல்வியின் சான்றுகள் அல்லவா! ஆகவே அறை காணச் செல்வோர் கோடையிற் கண்ட தோற்றத்தைக் கொண்டு மயங்காது, அத்தெருவில் நெடுநாள் வாழும் ஒருவரையோ மூலைக்கடைக்காரரையோ வினவி, 2023-இல் நீர் எதுவரை ஏறியது என்று தெளிதல் வேண்டும். வீட்டுக்குரியவர் கூறும் விடையினும் கடைக்காரர் கூறும் விடை பெரும்பாலும் மெய்ம்மைக்கு அணித்தாயிருக்கும். குடிநீர்க் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வரும் என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

மூன்றாவது நோக்கத்தக்கது உடன்படிக்கை. தங்குமிடம் தனியறை, நண்பரோடு பகிர்ந்த வீடு, உணவோடு கூடிய விடுதி என மூவகைப்படும். சமையல் அறியாதார் தனியறையெடுப்பின், வாடகையோடு மெஸ் கட்டணத்தையும் கூட்டியே கணக்கிடல் வேண்டும். வீட்டுரிமையாளர், வாடகையாளர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புக்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டிற்குரியதாய் ஒரு சட்டம் இயற்றப்பெற்று, 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதியப்பெறல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடத்து, முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேற்படலாகாது. ‘வேறு உடன்பாடு இல்லாவிடத்து’ என்னும் அத்தொடரே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டுவது. படியாது கையெழுத்திடுவோன் தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தவனாவான். மகளிர் விடுதிகளுக்கோ 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் வேண்டும். நம் தோழியர் விடுதி வாயிலில் முதற்கண் கேட்கத்தக்கது அவ்வுரிமத்தையே. பணிபுரியும் மகளிர்க்கென அரசு நடத்தும் ‘தோழி’ விடுதி நெல்லையிலும் உண்டு என்பது அவர்க்கு நினைவூட்டத்தக்கது.

நான்காவதும் தலையாயதும் சுற்றம். நரையின்றி முதுமை எய்தியதற்குக் காரணம் வினவப்பெற்ற பிசிராந்தையார், தம் இல்லத்தாரையும் ஏவலரையும் அரசனையும் கூறியபின், தம் ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகக் கூறியதைப் புறநானூறு பயின்றார் அறிவர். தனித்து வாழ்வோர்க்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் கதவைத் தட்டத்தக்க ஓர் அயல்வீடு உண்டா என்பது, அறையின் பரப்பினும் குளிர்காற்றுப் பொறியினும் மேலான கேள்வி.

சிலர் புதிய ஊரிலும் தம் ஊரார் கூட்டத்தையே தேடியடைகின்றனர். அதனால் தனிமை நீங்கும் என்பது மெய்யே; ஆயினும் வந்த ஊரை அறியும் வாய்ப்பு குறையும். 1838-இற் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1841-இல் இடையன்குடியை அடைந்தபோது அவர்க்கு வயது 27. செம்மணற் பரந்த பனைநாட்டுச் சிற்றூரையே தம் உறைவிடமாகக் கொண்டு, ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அம்மக்களிடையே வாழ்ந்தார். 1856-இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நூலறிவால் மட்டும் எழுந்ததன்று. அயல்வீட்டார் பேசும் தமிழை அன்றாடம் செவியேற்ற வாழ்வும் அதற்கு உரமாயிற்று எனல் மிகையாகாது.

இந்நான்கும் பிற ஊர்க்கும் பொருந்தும். சென்னை சென்று திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலளவு இடம் பெறுவோரும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திற் பெரிதும் துன்புற்ற வேளச்சேரியில் அறை தேடுவோரும், வழி, நீர், உடன்படிக்கை, சுற்றம் என்னும் இந்நான்கையே ஆராய்தல் வேண்டும். நெல்லை இந்துக் கல்லூரியிற் பயின்ற புதுமைப்பித்தன் எழுத்துப் பணியை நாடிச் சென்னையில் வாழ்ந்த காலத்துத் தம் மனைவியார்க்கு வரைந்த மடல்கள், பின்னர் ‘கண்மணி கமலாவுக்கு’ என நூலாயின. பிரிந்து வாழ்வோரின் பொருள்முட்டையும் தனிமையையும் அறிய விழைவார்க்கு அவை தக்க சான்று. முதல் திங்களில் நெடுங்கால உடன்படிக்கை எதனையும் செய்யாது, விடுதியிலோ உறவினரில்லத்திலோ தங்கி, ஊரை நடந்து அறிந்தபின் அறை தேர்தலே சாலச் சிறந்தது.

இனி, வீடு தேடுவோர்க்கன்றி வீடுடையார்க்கும் ஒரு சொல். எத்துணை ஆராய்ந்து செல்லினும், ‘வீடு வாடகைக்கு’ என்னும் பலகையின் முன் நிற்கும் இளைஞன் எதிர்கொள்ளும் முதல் வினா பலவிடத்தும் ஒன்றே: “தம்பி, நீங்க எந்த ஊரு? என்ன ஆளுக?” அவ்விரண்டாம் வினாவிற்கு அவன் அளிக்கும் விடையைப் பொறுத்துச் சில கதவுகள் திறக்கின்றன, சில, ‘நேற்றுத்தான் பேசி முடிந்தது’ என்னும் பொய்யோடு மூடுகின்றன. தனியனாயின் இன்னும் ஓர் ஐயம். வழியையும் நீரையும் உடன்படிக்கையையும் இளைஞன் தானே ஆராயக்கூடும். மூடிய கதவை அவன் தானே திறத்தல் இயலாது. ஒரே உணவுக்கூடத்தில் எல்லாரோடும் ஒருங்கிருந்து உண்ட கல்லூரி விடுதி வாழ்வை இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர் மறந்திரார். அவருட் பலர் இன்று பாளையங்கோட்டையிலும் பிறவூரிலும் வீடுடையோர். அலுவல் யாது, வாடகையை எந்நாளிற் செலுத்துவாய், வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பாயா என்று அவர்கள் கேட்கட்டும், அவை கேட்கத்தக்கனவே. குலம் வினவுதலை மட்டும் ஒழிப்பாராயின், தனியே வந்த ஓர் இளைஞனின் முதற்பணி நற்றொடக்கம் பெறும். அவனை ஏற்ற தெருவும் பெருமையுறும்.