காற்றின் கணக்கு – 7: வறண்ட ஏரியில் ஒரு காவல்

காற்றில் மிதக்கும் துகள்களின்மீது ஒளியைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தைக் கொண்டு அவற்றை எண்ணும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்கம்பி எட்டாத வெட்டவெளியில், ஒரு சிறு சூரியப் பலகையையும் ஒரு மின்கலத்தையுமே நம்பி, மாதக்கணக்கில் தனித்து நின்று, அளந்ததைக் கம்பியின்றி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டிய உணரியை எவ்விதம் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அதையடுத்து இயல்பாகவே எழுகிறது. விடை தேடுவதற்கு, தூசியினால் பெயர்பெற்றுவிட்ட ஒரு பிரதேசத்துக்கு, கலிபோர்னியாவிலுள்ள ஓவன்ஸ் ஏரிக்கு, வாசகர்களை அழைத்துச் செல்கிறேன்.

சியரா நெவாடா மலைத்தொடரின் பனி உருகி வந்த நீரால் நிறைந்திருந்த அந்த ஏரி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தாகத்தைத் தீர்ப்பதற்காக 1913-ல் கட்டி முடிக்கப்பட்ட கால்வாய் ஓவன்ஸ் நதியைத் திசைதிருப்பிக்கொண்டு போனதனால், 1926 வாக்கில் அநேகமாக வற்றி, உப்பும் களிமண்ணும் படிந்த வெறுந்தரையாயிற்று. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்த உப்புப் பொருக்கு பொலபொலத்து மாவாகி, பலத்த காற்று வீசியபோதெல்லாம் ஆர்சனிக் கலந்த வெண்புழுதியாக எழுந்து, கிழக்குக் கரையிலுள்ள கீலர் என்னும் சிற்றூர் மக்களின் சுவாசத்தில் கலந்தது. பி.எம். 10 எனப்படும், 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி, ஒரு நாளின் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்க நாட்டின் பிரமாணம். இங்கோ புயல் நாட்களில் அதைப் போல் பல பத்து மடங்கு பதிவாகியிருக்கிறது. தூசியை அடக்கும் பொறுப்பு நகரத்தின்மீது சுமத்தப்பட்டபோது, பரந்த அந்த ஏரித்தரையில் எந்தெந்தப் பகுதி புழுதியைக் கிளப்புகிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டிய அவசியமும் உண்டாயிற்று.

குறைந்த மின்செலவு என்றவுடன் பலரும் முதலில் ரேடியோவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை பெரும்பாலும் அநாவசியம். லோரா போன்ற ஏற்பாடுகளில், திறந்த வெளியில் பல கிலோமீட்டர் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ, கால் மணிக்கு ஒருமுறை ஓரிரு நொடி பேசிவிட்டு உறங்கிவிடுகிறது. உண்மையில் மின்சக்தியைக் குடிப்பவை, தூசிக் கருவிக்குள்ளே காற்றை இழுக்கும் விசிறியும் அதன்மீது ஒளி பாய்ச்சும் லேசருமே. ஸ்விட்சர்லாந்தின் சென்சிரியன் நிறுவனம் செய்யும் எஸ்.பி.எஸ். 30 என்ற உணரி 5 வோல்ட்டில் ஏறக்குறைய 55 மில்லி ஆம்பியர் எடுக்கிறது; ஒரு நாள் முழுதும் ஓடினால் 6.6 வாட்-மணி செலவாகும். கைவிளக்கில் போடும் சாதாரண லித்தியம் மின்கலம் ஒன்றில் அடங்கியிருப்பது சுமார் 10 வாட்-மணியே. ஆகவே ஒன்றரை நாளில் அது தீர்ந்துபோகும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் மட்டும் விழித்து அளக்குமாறு செய்தாலோ, அதே மின்கலம் ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கும்.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. ஓவன்ஸ் ஏரியில் புழுதி நாளெல்லாம் சமமாக எழுவதில்லை. காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகே மணல் நகர்ந்து புழுதியைக் கிளப்பத் தொடங்குகிறது. அப்படிக் காற்று பலக்கும் சில மணி நேரத்துக்குள்ளும் அது விட்டுவிட்டே வீசுகிறது. உறங்கும் கருவி புழுதியின் உச்சத்தைத் தவறவிடக்கூடும். எனவே, மிகச் சொற்ப மின்சாரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு காற்றுவேக மானியைக் காவல் வைத்து, வேகம் எல்லையைக் கடந்ததும் தூசி உணரியை எழுப்பி இடைவிடாமல் அளக்கச் செய்வது, கடிகாரத்தை மாத்திரம் பார்த்து எழுப்புவதைவிட விவேகமானது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்வதனால், 10 மைக்ரான் துகள் ஒன்று, அதே பொருளாலான 1 மைக்ரான் துகள்கள் ஆயிரத்துக்கு எடையில் சமம். எண்ணிக்கையில் அரிதாகவும் எடையில் பெரிதாகவும் உள்ள இந்தக் கனத்த துகள்கள், சுளகில் புடைக்கும்போது உமி பறக்க மணி தங்கிவிடுவது போல, சிறு விசிறியின் மெல்லிய இழுப்புக்கு வளைந்து வராமல் பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடுகின்றன. மலிவான பல உணரிகள் பி.எம். 10 என்று ஓர் எண்ணைக் காட்டினாலும், அது மிகச் சிறிய துகள்களை எண்ணி மற்றவற்றை ஊகித்துச் சொல்லும் எண்ணாகவே இருக்கிறது. கீலரில் பிளான்டவர் உணரி பொருத்திய பர்ப்பிள் ஏர் கருவிகளை ஆராய்ந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, புகைக்கு நன்கு பொருந்தும் திருத்தச் சூத்திரத்தைப் பிரயோகித்த பின்னும், புழுதிப் புயலின்போது பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி கூட ஏறத்தாழ 5 முதல் 6 மடங்கு குறைவாகவே தெரிந்தது என்று காட்டியது. 40 மைக்ரான் வரை ஒவ்வொரு துகளையும் தனித்தனியே அளவிடும் ஆல்ஃபாசென்ஸ் நிறுவனத்தின் ஓ.பி.சி. என்3 போன்ற சாதனம் இத்தகைய இடத்துக்கு மேலும் பொருத்தமானது. ஆனால் அதற்கு 180 மில்லி ஆம்பியர் வேண்டும். அதற்கேற்பச் சூரியப் பலகையும் பெரிதாக வேண்டும்.

இந்த இக்கட்டிலிருந்து ஓவன்ஸ் ஏரியைக் கண்காணித்த கிரேட் பேசின் மாவட்டக் காற்றுத் துறையினர் கண்ட வழி என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. துள்ளிச் செல்லும் மணல்தான் தரையை இடித்துத் தூசியைக் கிளப்புகிறது என்பதை உணர்ந்த அவர்கள், தூசியை விட்டு மணலையே எண்ணப் புகுந்தார்கள். மணல் மோதும்போதெல்லாம் மின்துடிப்பை எழுப்பும் படிகம் கொண்ட சென்சிட் என்னும் உணரிகளை, ஏரித்தரையில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் இடைவெளியில் சூரிய சக்தியோடு நிறுத்தி, பக்கத்தில் மணலைப் பிடித்து நிறுத்துப் பார்க்கும் குழாய்களையும் நட்டார்கள். எந்த நேரத்தில் மணல் நகர்ந்தது என்பதைப் படிகம் சொல்லிற்று; எவ்வளவு நகர்ந்தது என்பதைக் குழாய் சொல்லிற்று; கரையிலிருந்த நிலையங்களின் பி.எம். 10 அளவோடு இவை இரண்டையும் இணைத்து, தூசி பிறந்த இடத்தை அவர்கள் நிர்ணயித்தார்கள். விசிறியோ லேசரோ இல்லாத உணரியாதலால் மின்செலவும் அற்பமாயிற்று.

ஆகவே, உணரியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தூசியின் பருமனையும் அது எழும் வேளையையும் அறிய வேண்டும். அதன்பின் அதைக் காணவல்ல உணரியையும், அந்த உணரிக்குப் போதிய மின்சக்தியையும், கடைசியாகவே ரேடியோவையும் தீர்மானிக்க வேண்டும். கல்லுடைக்கும் ஆலைக்கு அருகே கருவி வைக்க விரும்பும் நம்மவருக்கும் இதுவே முறை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமமின்றி உபயோகிக்கலாம் என்பதால் கடைசிப் படி எளிதாகவே அமையும். வரிசையைத் தலைகீழாக்கி, மின்கலம் நெடுநாள் தாங்குகிறதே என்ற திருப்தியில் கனத்த துகளைக் காணாத உணரியை நட்டுவிட்டால், புழுதிக்குள்ளே வாழும் குடும்பங்களிடம் உங்கள் காற்று சுத்தமானதென்று பொய் சொன்னவர்களாவோம். உணரியே இல்லாத ஊரில் மக்கள் தங்கள் இருமலையாவது சாட்சியாகக் காட்டலாம். தவறான உணரி நிற்கும் ஊரில் அந்தச் சாட்சியும் எடுபடாமல் போகும்.

நல்ல உணரியும், பிரமாணக் கருவியின் அருகே சில வாரம் நின்று ஒப்பிடப்பட்ட பிறகே நம்பத் தக்கதாகிறது. அந்த ஒப்பீட்டை நடத்தும் விதத்தையும், ஈரக் காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து அளவை மிகைப்படுத்தும் விந்தையையும் அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)