அம்மா கையெழுத்துப் போட்டாச்சு... உன்கிட்ட யாராவது கேட்டாங்களா கண்ணு?

9,543 ஒப்புதல் படிவங்கள். அவற்றில் 2,763-ல் கையெழுத்துப் போட்டது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை... ஹாஸ்டல் வார்டன்! இன்னும் 1,948 படிவங்களில் கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கொடுத்த அறிக்கையில் இருக்கும் கணக்கு இது.

சம்பவம் நடந்தது 2009-ல், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி தடுப்பூசியை அரசுத் திட்டமாகக் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்பதற்காக, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்), மாநில அரசும் சேர்ந்து செய்த வேலை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள். சில சிறுமிகள் இறந்துபோன செய்தி வந்ததும், 2010 ஏப்ரலில் எல்லாம் நிறுத்தப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஹெச்.பி.வி தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. எனவே, இதைப் படித்துவிட்டு யாரும் மகளுக்கு ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட வேண்டாம். பிரச்னை ஊசியில் இல்லை, கேட்ட விதத்தில்!

பெற்றோருக்குப் பதிலாக வார்டன் கையெழுத்துப் போட்டது பெரிய சர்ச்சையானது. சரிதான். ஆனால், கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டது அந்தச் சிறுமி அல்லவா? அவளிடம் யார் கேட்பது?

ஏழு வயதிலிருந்து கேட்கணும்!

மருத்துவ ஆராய்ச்சியில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்க, பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அது மட்டும் போதாது. குழந்தையின் சம்மதமும் வேண்டும். இதைத்தான் 'அசென்ட்' என்கிறார்கள். ஐ.சி.எம்.ஆர் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள்படி, 7 முதல் 12 வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழியாகக் கேட்டு, அதைப் பதிவு செய்ய வேண்டும். 12-லிருந்து 18 வரை எழுத்துப்பூர்வமாக. ஏழு வயதுக்குக் கீழே தனியாகப் பதிவு தேவையில்லை. அதற்காகக் கதறுகிற நாலு வயதுப் பிள்ளையை அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை!

சட்டத்தைவிடச் சிக்கலானது நம் வீட்டுப் பழக்கம். "டாக்டர் மாமா சொல்றாங்கல்ல... சரின்னு சொல்லு" என்று அம்மா தொடையில் லேசாகத் தட்டினால், எந்தப் பிள்ளை தலையாட்டாமல் இருக்கும்? பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். "யாருக்கெல்லாம் சம்மதமோ கை தூக்குங்க" என்று டீச்சர் கேட்டால், முதல் பெஞ்ச் தூக்கும். அதைப் பார்த்துக் கடைசி பெஞ்சும் தூக்கும். அதை எப்படிச் சம்மதம் என்பது?

அமெரிக்காவில் 1983-ல் வந்த விதி இதை நேராகவே சொல்லிவிட்டது. குழந்தை எதிர்ப்புச் சொல்லவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மௌனம் சம்மதம்' என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்?

பெரியவர்களுக்கான பத்துப் பக்கப் படிவத்தைக் குழந்தையிடம் நீட்டிப் பயனில்லை. குழந்தையின் கவலைகளே வேறு. 'ஊசி எத்தனை தடவை? வலிக்குமா? அம்மா கூட இருப்பாங்களா? பி.டி பீரியட் போயிடுமா?' இதற்குத்தான் முதலில் பதில் தேவை. '5 மி.லி ரத்தம்' என்பதைவிட 'ஒரு டீஸ்பூன் அளவு' என்றால் எட்டு வயதுக்குப் புரியும். யாருக்குப் புது மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யும் ஆய்வுகள் உண்டு. 'பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரி' என்றால் போதும். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்ல வேண்டும். எறும்புக் கடி என்று ஏமாற்றினால், அடுத்த தடவை அந்தப் பிள்ளை அறைக்குள்ளேயே வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'நீ வேண்டாம்னு சொன்னாலும் டாக்டர் கோபப்பட மாட்டார், உனக்கான வைத்தியமும் நிற்காது' என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதியில் வேண்டாம் என்று தோன்றினாலும் விலகலாம். சொன்னது பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க எளிய வழி, "நான் என்ன சொன்னேன், நீ திருப்பிச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதுதான்.

சரி... அம்மா, அப்பா சரி என்கிறார்கள், பிள்ளை மாட்டேன் என்கிறது. யார் சொல் எடுபடும்? பொதுவாகப் பிள்ளையின் 'மாட்டேன்'தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. அந்த ஆய்வில் கிடைக்கும் சிகிச்சை குழந்தைக்கு நேரடியாகப் பலன் தரக்கூடியது, வெளியே வேறெங்கும் கிடைக்காது என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பெற்றோர் முடிவெடுக்கலாம். கடும் நோயோடு போராடும் குழந்தையின் பெற்றோருக்கு இது எவ்வளவு கனமான முடிவு என்று சொல்லத் தேவையில்லை. அப்போதும் என்ன நடக்கப்போகிறது என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

உங்கள் பிள்ளையை ஓர் ஆய்வில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், அதை நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தகவல் தாளைத் தமிழிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய், பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டு மறுநாள் பதில் சொல்லலாம். உடனே கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை.

இன்னொன்று... ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால், அம்மா முன்பு போட்ட கையெழுத்தை வைத்துத் தொடர முடியாது. அந்தப் பிள்ளையிடமே புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும்.