குடியேற ஒரு மலையூர்

பிறக்கும் ஊரை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால், வாழும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம்மிற் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருகின்றது. படிப்பை முடித்த இளைஞர் வேலை நாடி ஊர் மாறுகின்றனர். வேலையினின்றும் ஓய்வு பெற்ற பெரியோர் அமைதி நாடி ஊர் மாறுகின்றனர். ஒரு புடைவை எடுப்பதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகின்ற நாம், எஞ்சிய வாழ்நாளையெல்லாம் கழிக்கவேண்டிய ஊரை மட்டும் பல வேளைகளில் ஒரே நாளிற் பார்த்து, அன்று மாலையே முடிவு செய்துவிடுகின்றோம்!

பெருநகரத்தின் புகையிலும் இரைச்சலிலும் வாழ்வோர் உள்ளத்தில் ஓர் ஆசை உறங்கிக் கிடக்கின்றது. ஒரு மலை; அதன்மேல் ஒரு கோயில்; அடிவாரத்தில் ஒரு சிறு வீடு; வாசலில் ஒரு வேப்பமரம். சென்னையில் வாழ்வோர்க்கு இவ்வாசை எழும்பொழுது நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று திருத்தணி. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், தமிழகத்தின் வடக்கெல்லையை ஒட்டி நிற்பது இவ்வூர். முருகனுடைய படைவீடுகள் ஆறனுள் ஐந்தாவது இது. அப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். கோயில் இல்லாத ஊரிற் குடியிருத்தல் ஆகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த ஒரு குறை திருத்தணிக்கு இல்லை. ஆனால், கோயில் ஒன்று மட்டும் இருந்தாற் போதுமா? வேறு எவற்றையெல்லாம் பார்த்தல் வேண்டும்? திருத்தணியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, காற்றும் வெயிலும். மலையூர் என்ற சொல்லைக் கேட்டவுடனே நாம் குளிர்ச்சியை எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் நமக்கு உதகையிலிருந்தும் கோடைக்கானலிலிருந்தும் வந்தது. கோயமுத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு நீலகிரிக்கு ஏறினார். மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டினர். சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சியவர்கள் குளிரை நாடித் தேர்ந்த ஊர்கள் அவை. திருத்தணி அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளை ஏறினாற் கோயிலை அடைந்துவிடலாம். அத்துணைச் சிறிய மலை இது. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த பாறை, இரவில் அந்த வெப்பத்தையே திருப்பித் தருகின்றது. கோடையில் வானிலைத் துறை வெளியிடும் வெப்பநிலைப் பட்டியலைப் பாருங்கள். தமிழகத்திலேயே வெப்பம் மிகுந்த ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயரை அடிக்கடி காணலாம். மே மாதத்தில் 40 பாகை செல்சியசைக் கடப்பது அங்கே புதுமையன்று.

ஆகவே, மார்கழியில் ஒரு நாள் சென்று, இளங்காற்றில் மயங்கி, மனைக்கு முன்பணம் கொடுத்து வருவது அறிவுடைமை ஆகாது. ஊரைப் பார்க்க ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியுமே. நண்பகலில் கடைத்தெருவில் நடந்து பார்த்தல் வேண்டும். ஓரிரவு அங்கே தங்கி உறங்கிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் அவ்வூர் பிடித்திருக்குமாயின், அவ்விருப்பத்தை நம்பலாம்.

திருவிழா நாளையும் இவ்வாறே எண்ணுதல் வேண்டும். ஆடிக் கிருத்திகையில் காவடி ஏந்திய மக்கள் வெள்ளமாகத் திரள்வர். சரவணப் பொய்கையில் மூன்று நாள் தெப்பம் நடைபெறும். டிசம்பர் 31-ஆம் நாள் படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டன்று அதிகாரிகளைக் கண்டு வணங்கச் செல்வோரை ஆண்டவனை வணங்கத் திருப்புதல் வேண்டும் என்று கருதி, 1917-இல் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் இதனைத் தொடங்கினார் என்பர். படிதோறும் நின்று திருப்புகழ் பாடி ஏறும் காட்சி, கண்டார் நெஞ்சை விட்டு நீங்காதது. ஒரு நாள் வந்து செல்வோர்க்கு இவை பேரின்பம். ஊரிலேயே வாழ்வோர்க்கோ, அவ்வின்பத்தோடு வேறு சிலவும் உண்டு. தெருவில் வண்டி நகராது. தண்ணீருக்குத் தேவை மிகும். அவசரமாக மருத்துவரிடம் செல்வோர் கூட்டத்தைக் கடந்து செல்லல் வேண்டும். திருவிழா நாளில் ஒருமுறையும், யாரும் வாராத ஒரு புதன்கிழமையில் ஒருமுறையும் ஊரைப் பார்த்தவரே அதனை முழுமையாகப் பார்த்தவர்.

இரண்டாவது, தண்ணீர். நாட்டின் உறுப்புக்களைக் கூறப் புகுந்த வள்ளுவர், மேல்நீர் கீழ்நீர் ஆகிய இரண்டையும், மலையையும், அதனின்று வரும் ஆற்றையும் அடுக்கிச் சொன்னார். நாட்டுக்குச் சொன்ன இலக்கணம் ஊருக்கும் பொருந்தும். திருத்தணியை அடுத்து ஓடும் நந்தியாறு, மழைக் காலத்தில் மட்டுமே ஆறு என்னும் பெயருக்கு உரியதாகின்றது. வடமேற்கே பள்ளிப்பட்டு வழியாகக் கொசத்தலையாறு வருகின்றது. எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தில் உள்ள நீர்த்தேக்கங்கள் மழைக் காலத்தில் நிரம்பித் திறக்கப்படும்பொழுது, இப்பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு. இந்நீரே கீழே சென்று, 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, சென்னை மக்களுக்குக் குடிநீர் ஆகின்றது. மழையில் மிகுதி, கோடையிற் குறைவு என்னும் இவ்விரு நிலைக்கும் நடுவே ஊரைக் காப்பவை ஏரிகளும் கிணறுகளுமே.

ஆதலின், வீடு பார்க்கச் செல்வோர் சுவரின் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன்னர்க் கிணற்றை எட்டிப் பார்த்தல் வேண்டும். "மே மாதத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும்?" என்று விற்பவரைக் கேட்பதினும், அண்டை வீட்டுப் பாட்டியைக் கேட்பது நலம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு, மனை நிற்கும் இடம் ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா, நீர் வரும் கால்வாயா என்பதையும் விசாரித்து அறிதல் வேண்டும். ஏரியின் வயிற்றில் வீடு கட்டியவனை ஏரி ஒரு நாள் தேடி வரும்.

மூன்றாவது, பிழைப்பு. திருத்தணியைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைகின்றன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் இருக்கின்றது. காரைக்கால் அம்மையாரின் வரலாற்றோடு தொடர்புடைய அதே திருவாலங்காடுதான். பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களிற் கைத்தறி நெய்தோர் பலர் விசைத்தறிக்கு மாறினர். அங்கெல்லாம் தெருவிற் கேட்கும் ஒலி பறவையொலி அன்று, தறியொலியே. 'சிற்றூர் என்றால் நிசப்தம்' என்று எண்ணிச் செல்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று. தறி ஓடும் ஒலி, அத்தெருவில் அடுப்பு எரிவதன் ஒலி என்று உணர்ந்தவருக்கு அது தொல்லையாகத் தோன்றாது.

வேறு வேலை செய்வோர்க்குத் துணை புரிவது இரயில் பாதை. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதற் பயணியர் பாதை திறக்கப்பட்டது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே பிரிந்து பம்பாயை நோக்கிச் சென்ற பாதையில் திருத்தணி ஒரு நிலையமாயிற்று. இன்று சென்னைப் புறநகர் மின்தொடர் வண்டிகள் திருத்தணி வரை வருகின்றன. ஆனால், நாள்தோறும் போகவும் வரவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வண்டியிற் கழியும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளல் வேண்டும். வாடகையில் மிஞ்சிய பணத்தை வாழ்நாளிற் கழித்துக் கொடுப்பது எல்லார்க்கும் இலாபம் ஆகாது.

நான்காவது, பள்ளியும் மருத்துவமும். இதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் முன்னோர் நெல்லூரை அடுத்த சர்வபள்ளி என்னும் சிற்றூரிலிருந்து வந்து குடியேறியோர். குழந்தை திருத்தணியிலேயே எழுத்தறிந்தது. ஆனால், மேற்கொண்டு படிப்பதற்கு முதலில் திருப்பதிக்கும், பின்னர் வேலூருக்கும், அதன்பின் சென்னைக்கும் செல்ல வேண்டியதாயிற்று. அவரே நம் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளையே நீங்கள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றீர்கள். தொடக்கம் தந்த ஊர் தொடர்ச்சி தர இயலாத காலம் அது. இன்று திருத்தணியில் முருகன் பெயரையே தாங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கின்றது. அரசு மருத்துவமனையும் இருக்கின்றது. எனினும், நாம் விரும்பும் படிப்பு அங்கே உண்டா, நம் வீட்டு முதியோரின் நோய்க்கு ஏற்ற மருத்துவர் அங்கே உண்டா என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

ஐந்தாவது, அயலாரும் மொழியும். இதுவே மிக இன்றியமையாதது. பெரும்பாலோர் எண்ணிப் பாராததும் இதுவே. திருத்தணியில் ஒரே வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1911-க்கு முன் அவர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தார். அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் தோன்றியதும் சித்தூர் மாவட்டத்தார் ஆனார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது, சித்தூரோடு ஆந்திரத்தார் ஆனார். 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தார் ஆனார். 1969-இல் அம்மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் தனியே அமைந்தது. நாம் ஊரை மாற்றுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றோம். அவரோ திண்ணையை விட்டு இறங்காமலே இருமுறை மாநிலம் மாறினார்!

இம்மாற்றம் தானே வந்ததன்று. வேங்கடத்தையும் குமரியையும் தமிழகத்தின் எல்லைகளாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகின்றது. அந்த வடக்கெல்லையிலுள்ள தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்த்தல் வேண்டும் என்று ம. பொ. சிவஞானம் கிளர்ச்சி நடத்தினார். அப்பகுதியிலேயே தமிழ்ப் பணி செய்துவந்த ஆசிரியர் மங்கலங்கிழார் அவரோடு நின்றார். படாஸ்கர் அவர்களின் பரிந்துரையின்படி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. திருத்தணி இங்கே வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் அங்கே சென்றன. ஆனால், எல்லைக் கோட்டைப் போல மக்களைக் கோடு கிழித்துப் பிரித்தல் இயலாது. இப்பக்கத்திலே தெலுங்கு பேசுவோர் வாழ்கின்றனர். நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். சந்தையில் ஒரு மொழியிற் கேட்ட விலைக்கு மறுமொழியில் விடை வரும். பழைய நிலப் பத்திரம் தெலுங்கில் எழுதியதாக இருத்தலும் கூடும். மலைமேலோ, அருணகிரிநாதர் தமிழிற் பாடினார்; முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியிற் பாடினார்; தெலுங்கு பேசும் அடியார் தம் மொழியில் முறையிடுகின்றனர். கேட்பவன் ஒருவனே.

இத்தகைய ஊரிற் குடியேற விரும்புவோர், தம் மொழியைப் போற்றுதலோடு அயலார் மொழியிலும் நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ளும் மனம் உடையவராதல் வேண்டும். அம்மனம் இல்லாதவருக்குக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அவ்வூர் ஏற்றதன்று.

இறுதியாக ஒன்று. திருத்தணிக்குச் செல்வோர் மலைக்கோயிலைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஊரிலே வீரட்டானேசுவரர் கோயில் என்னும் சிறிய கற்றளி ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னர், பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது அது. மன்னனே இயற்றியதாகச் சொல்லப்பெறும் தமிழ் வெண்பா ஒன்றும் அதன் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசுகள் மாறின, எல்லைகள் மாறின, ஒருவர் ஊருக்குச் செய்து வைத்தது மட்டும் நின்றது.

சர்வபள்ளியிலிருந்து வந்த குடும்பம் பழைய ஊரின் பெயரைத் தம் பெயரோடு காத்துக்கொண்டது. வந்த ஊருக்கும் அழியாப் பெயரைத் தந்தது. குடியேறுதல் என்பதன் முழுப்பொருள் இதுவே. "இவ்வூர் எனக்கு என்ன தரும்?" என்பது தேர்வின் முதற் பாதி. "இவ்வூரின் ஏரிக்கும், பள்ளிக்கும், அயல் வீட்டாருக்கும் நான் என்ன தருவேன்?" என்பது மறுபாதி. மாணவர்களே, நாளை நீங்கள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். அன்று இவ்விரு வினாக்களையும் சேர்த்தே கேளுங்கள். இரண்டுக்கும் விடை கிடைக்கும் ஊர், மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், உங்கள் ஊரே ஆகும்.